சுப்ரபாதக் கட்டு

கும்மிடிப்பூண்டி குழாய்த் தொழிற்சாலையில் ஆயுதபூஜை என்றால் லேத்து, லாரி, தராசு, வாட்ச்மேன் சைக்கிள் எதுவும் பொட்டுக்குத் தப்பாது. எழுபத்து நாலாம் வருஷம் அந்த வரிசையில் கம்ப்யூட்டரும் சேர்ந்தது. அதுவரை கம்ப்யூட்டர் ரூம் பக்கம் முதலாளியின் மனைவி கனகாம்பாள் எட்டிப் பார்த்ததில்லை. அந்த வருஷம்தான் முதன்முதலாக வந்தார். வராமலே இருந்திருக்கலாம்.

அந்த ரூமில் முன்பு ஒரு பழைய மெஷின் இருந்தது. வாடகைக்கு எடுத்தது, காலம் முடிந்ததும் திரும்பிப் போய்விட்டது. அதன் இடத்தில், வெளிநாட்டில் யாரோ ஓட்டிக் கழித்த பெரிய மெஷின் ஒன்று கப்பலில் வந்து இறங்கியது. சங்கடம் என்னவென்றால், சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு எல்லாமே பழைய மெஷினுக்காக எழுதியவை. பெரிய மெஷினுக்கு அதில் ஒரு வரி புரியாது. எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதென்றால் இன்றைக்கு நாளைக்கு முடிகிற வேலை இல்லை. அதனால் பெரிய மெஷினையே பழைய மெஷின் போல நடிக்க வைத்தார்கள். எமுலேட்டர் என்று புத்தகத்தில் பெயர். ரூமில் எல்லோரும் வேஷம் என்றுதான் சொன்னார்கள். வேஷம் கட்டிவிட்டால் பெரிய மெஷின் தன் பெருமையெல்லாம் மறந்து பழசாகவே நடந்துகொள்ளும். மனிதர்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேஷம் கட்டுவதற்கென்று துளை போட்ட அட்டைகளின் சின்னக் கட்டு ஒன்று இருந்தது. காலையில் மெஷினுக்கு மின்சாரம் கொடுத்ததும் அந்தக் கட்டை அட்டை படிக்கிற பெட்டியில் வைத்து 'லோட்' பட்டனை அழுத்த வேண்டும். அட்டைகள் சரசரவென்று உள்ளே ஓடும். முன்பலகையில் விளக்குகள் மின்னி அடங்கும். கடைசியில் பச்சை விளக்கு ஒன்று நிலைத்து நிற்க, பக்கத்து டைப்ரைட்டர் ஆள் தொடாமலே தட்டி, தயார் என்று ஒரு வரி அடிக்கும். மெஷினைத் துயிலெழுப்புகிற கட்டு என்பதால் அதற்கு சுப்ரபாதக் கட்டு என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவள் குணசுந்தரி.

குணசுந்தரி பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். பி.யு.சி. படித்தவள். கணவன் செங்கல்வராயன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனவன். அவன் போன பிறகு மதராஸில் அட்டை துளைக்கிற வேலை கற்றுக்கொண்டு, இந்தக் கம்பெனியின் பஞ்ச் ரூமுக்கு வந்தாள். பஞ்ச் ரூமோடு நிற்காமல் கம்ப்யூட்டர் ரூமில் எடுபிடி வேலை செய்து செய்து, மெஷின் ஓட்டவும் தேறிவிட்டாள். கம்ப்யூட்டர் மேனேஜர் ராஜமாணிக்கம் அவளை ஆபரேட்டர் ஆக்கச் சொல்லித் தானே எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். நல்லவராக இருப்பதற்குச் செலவு ஏதும் ஆகாதவரை நல்லவர்.

ஆபரேட்டருக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ் உண்டு. குணசுந்தரிக்கு வேண்டியது அந்த வீடுதான். மகள் சின்னப்பொண்ணு குப்பத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி கெட்டவள் இல்லை; ஆனால் குழந்தைக்குச் சோறு போடும்போதெல்லாம் கரண்டி கொஞ்சம் ஓசையாகச் சட்டியில் மோதும். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனால் சின்னப்பொண்ணு முதலில் கேட்பது, "ஊடு குட்த்துட்டாங்களா?" என்றுதான். விஜயதசமி கழிந்ததும் உத்தரவு வரும் என்று ராஜமாணிக்கம் சொல்லியிருந்தார். அன்று காலையில் முதலாளி குடும்பத்தோடு வருவார், நல்ல நேரத்தில் குணசுந்தரி மெஷினை எழுப்பிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆயுதபூஜை அன்று குணசுந்தரி போகவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. தாலியறுத்தவளுக்கு இந்த மாதிரி நாட்களில் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் இல்லாத அன்றைக்குத்தான் கனகாம்பாள், பெரியபாளையத்து பவானி அம்மன் குங்குமத்தோடு ரூமுக்குள் வந்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஃபேக்டரிக் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் அடுக்கியிருந்தன.

"மெஷினுக்குப் புஸ்தகம் ஏதும் இல்லியா?" என்று கேட்டார் கனகாம்பாள்.

சும்மா இருந்திருக்கலாம் ராஜமாணிக்கம். ஓடிப்போய் சுப்ரபாதக் கட்டை எடுத்து வந்து, "இதுதாம்மா அதுக்குப் புஸ்தகம்" என்று படத்தின் காலடியில் வைத்தார். கட்டுக்கு நகல் ஒன்று எடுத்து வைக்க வேண்டும் என்று அவர் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டால் அவருக்குச் செய்து முடித்த மாதிரி. கனகாம்பாள் சந்தனத்தைக் குழைத்து மேல் அட்டையில் தாராளமாக ஒரு பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமம் அப்பினார். அப்புறம் மெஷினின் பலகைக்கு வந்தார். அங்கே ஓரமெல்லாம் பொட்டு. சிவப்பு விளக்கு வரிசையின் நடுவில் இருந்த விளக்கு, திலகம் வைக்க வாகான நெற்றியாகத் தோன்றியிருக்கிறது. அதற்குப் பெரிய பொட்டு.

விஜயதசமி காலையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். முதலாளி ரங்கசாமி, கனகாம்பாள், ராஜமாணிக்கம், அதே ஆபரேட்டர் வேலைக்குக் கண் வைத்திருந்த சடையப்பன். குணசுந்தரி மின்சாரம் கொடுத்துவிட்டுப் படத்தின் காலடியிலிருந்து கட்டை எடுத்தாள். மேல் அட்டையில் சந்தனம் காய்ந்து, வறண்ட ஏரிச் சேறு மாதிரி வெடித்திருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. அட்டை படிக்கிற பெட்டிக்குள் மெல்லிய கம்பி பிரஷ்கள் இருக்கும். துளை வருகிற இடத்தில்தான் பிரஷ் அடியில் இருக்கிற உருளையைத் தொடும். தொட்டால்தான் மெஷினுக்குச் சேதி போகும். துளை அடைபட்டால் சேதி இல்லை. அவள் விரல் பொட்டின் அருகே போனது. கனகாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தார். குணசுந்தரி ராஜமாணிக்கத்தைப் பார்த்தாள்.

"அப்படியே வைம்மா, நேரமாவுது" என்றார் ராஜமாணிக்கம்.

அப்படியே வைத்தாள். பட்டனை அழுத்தினாள். அட்டை ஒன்று உள்ளே போனது, அதோடு சரி. பச்சை விளக்கு வரவில்லை, டைப்ரைட்டர் வாய் திறக்கவில்லை. சிவப்பு வரிசையில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு விளக்கு எரிந்து நின்றது.

மெஷினுக்கு எங்கே வலி என்று அந்தச் சிவப்பு வரிசைதான் சொல்லும். எது எரிகிறது, எது எரியவில்லை என்று சேர்த்துப் படிக்க வேண்டும். ஓர விளக்குகள் இரண்டு மட்டும் எரிந்தால் மெஷினின் ஞாபகப் பெட்டியில் கோளாறு என்று அர்த்தம். அதை இங்கே யாரும் தொட முடியாது. பம்பாயிலிருந்து என்ஜினீயர் வர வேண்டும். அவர் வரும்வரை சம்பளக் கணக்கு உட்பட எல்லாம் நின்றுபோகும்.  அட்டை மேல் குணசுந்தரிக்கு இருந்த சந்தேகத்தையும் விளக்குகள் துடைத்துவிட்டன. அட்டையில் தவறு இருந்தால் நடு விளக்கும் சேர்ந்து எரிய வேண்டுமே.

மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே இரண்டு விளக்கு.

"இன்னாய்யா ராஜமாணிக்கம், இத்தினி நாளா ஓடிக்கினு இருந்திச்சே" என்றார் ரங்கசாமி.

"முந்தாநாள் ராத்திரி அணைக்கச்சொல்ல நல்லாத்தான் இருந்திச்சு மொதலாளி" என்று சடையப்பன் முந்திக்கொண்டான். "இப்ப யார் கை பட்டுதோ."

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்துவிட்டது. கனகாம்பாளின் பார்வை குணசுந்தரியின் வெறும் நெற்றிக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் தங்கியது. "வெள்ளிக்கெழம மாதிரி நாள். மொத மொத எழுப்பறதுக்கு வேற ஆள் கெடைக்கலியா ஒங்களுக்கு?" என்று கணவரிடம் கேட்டார். மெல்லத்தான் கேட்டார். ரூமில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

குணசுந்தரிக்குக் காது சுட்டது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரத்தில்தான் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும். மெஷின் பொய் சொல்லாது, ஆனால் மெஷினின் முகம் சொல்லலாம் என்று தோன்றியது. பலகையின் கீழே விளக்குச் சோதனைப் பட்டன் ஒன்று உண்டு. அழுத்தினால் எல்லா விளக்கும் ஒருசேர எரிய வேண்டும், எரியாதது பழுது. அழுத்தினாள். பலகை முழுக்கத் தீபாவளி மாதிரி எரிந்தது. சிவப்பு வரிசையின் நடுவில் மட்டும் இருட்டு.

குனிந்து பார்த்தாள். பொட்டு இல்லாத இடமே இல்லாத பலகையில் ஒரு பொட்டு எப்படிக் கண்ணில் படும்? இப்போது பட்டது. காய்ந்த சந்தனத்தின் ஓரத்தில் நூல் மாதிரி சிவப்பு வெளிச்சம் கசிந்தது. விளக்கு பழுதில்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, பொட்டுக்கு அடியில்.

அவள் நிமிர்ந்து ராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். அவர் அந்த விளக்கைப் பார்க்கவே இல்லை; ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் முதல் தடவை பட்டனை அழுத்தியபோதே தெரிந்திருக்கும். கட்டை எடுத்து வந்து வைத்தவரே அவர்தானே.

"சார், இந்த வெளக்கத் தொடைக்கணும். சந்தனம் மறைக்குது."

ராஜமாணிக்கம் கனைத்தார். ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டார்.

"சடையப்பண்ணே, நீங்களாவது தொடைங்க."

"சாமி பொட்டும்மா அது. பெரியபாளையத்தா குங்குமம்" என்று சடையப்பன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் புள்ளகுட்டிக்காரன்."

"நானும் புள்ளக்காரிதான்" என்றாள் குணசுந்தரி.

ரங்கசாமி கடிகாரத்தைப் பார்த்தார். "ராகுகாலம் வந்துடும். இன்னா பண்ணுவியோ பண்ணு. மெஷின் எழுந்துக்கணும்."

"இவளா அழிக்கணும்?" என்றார் கனகாம்பாள்.

 அந்தப் பொட்டைத் துடைக்க ரூமில் வேறு கைகள் இருந்தன. வளையல் அடுக்கிய கை, பேனா பிடித்த கை, செக்கில் கையெழுத்துப் போடுகிற கை. ஒன்றும் நீளவில்லை. செங்கல்வராயன் உடலைக் கரையேற்றிய அன்று அவள் நெற்றிப் பொட்டை அழிக்க எத்தனை கைகள் நீண்டன என்று குணசுந்தரிக்கு ஞாபகம் வந்தது. முந்தானையை நனைத்து, அம்மன் பொட்டை அவளே அழித்தாள். நடு விளக்கு சிவப்பாக முழித்துப் பார்த்தது. இரண்டு ஓரமும் நடுவும் சேர்ந்தால் ஞாபகப் பெட்டியில் கோளாறு இல்லை. அட்டையைச் சரியாகப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். பம்பாய் வேண்டாம், என்ஜினீயர் வேண்டாம்.

கட்டை வெளியே எடுத்தாள். மேல் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். துளைகள் நட்சத்திரம் மாதிரி தெரிய, பொட்டு இருந்த இடம் மட்டும் குருடாக இருந்தது. கொண்டை ஊசியை உருவி, அடைந்த துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தாள். சந்தனமும் குங்குமமும் தூளாகத் தரையில் உதிர்ந்தன. கனகாம்பாள் அந்தத் தூள் மேல் கால் படாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார். குணசுந்தரி அட்டையை நீவி, கட்டை அடுக்கி வைத்து, பட்டனை அழுத்தினாள். அட்டைகள் சரசரவென்று ஓடின. விளக்குகள் மின்னி அடங்கின. பச்சை நின்றது. டைப்ரைட்டர் படபடவென்று தட்டித் தயார் என்று அடித்தது.

ரங்கசாமி கைதட்டினார். சடையப்பன்கூடத் தட்டினான். கனகாம்பாள் எல்லோருக்கும் பொரிகடலைப் பொட்டலம் கொடுத்துக்கொண்டே வந்தார். குணசுந்தரியின் பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே உத்தரவு வந்தது. ஆபரேட்டர் சடையப்பன். குவார்ட்டர்ஸும் அவனுக்கு. குணசுந்தரி பஞ்ச் ரூமில் தொடர்ந்து இருக்கலாம். கம்ப்யூட்டர் ரூமுக்குள் இனி வர வேண்டியதில்லை.

அவள் நேரே ராஜமாணிக்கத்திடம் போனாள். "நீங்க பாத்தீங்க இல்ல சார்? பொட்டு அடைச்சுக்கினுதான் மெஷின் நின்னுது. தெரியும் இல்ல ஒங்களுக்கு?"

"தெரியும்மா. தெரியாம இன்னா?"

"சொல்லலியா?"

"இன்னான்னு சொல்றது? அம்மா, நீங்க வெச்ச பொட்டாலதான் மெஷின் நின்னுதுன்னா? நான் இங்க வேலைல இருக்க வேணாமா?" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி துடைக்க மட்டும் அவருக்கு நன்றாக வரும். "கம்ப்யூட்டர்னா சில சமயம் அப்படி ஆவும்னு சொல்லி வெச்சேன். ஒன்னப் பத்தித் தப்பா ஒரு வார்த்த சொல்லல."

நல்லதாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை அவள் சொல்லிக் காட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பழவேற்காட்டுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் போனபோது சின்னப்பொண்ணு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

வருஷம் திரும்பியது. அடுத்த ஆயுதபூஜை நெருங்கும்போது ராஜமாணிக்கம் பஞ்ச் ரூமுக்கு வந்தார். வெகுநாளைக்குப் பிறகு வருகிறவர்கள் முதலில் உடம்பை விசாரிப்பார்களே, அப்படி விசாரித்தார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். கனகாம்பாள் இந்த வருஷமும் வருகிறார். மெஷினின் புஸ்தகத்தைப் போன வருஷம் மாதிரியே பூஜையில் வைக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்.

"மறுபடி நின்னா பேஜாராப் பூடும்மா. நீதான் ஒரு வழி சொல்லணும்."

குணசுந்தரி தலை நிமிராமல் அட்டை துளைத்துக்கொண்டிருந்தாள். "நான் ஏன் சார் சொல்லணும்?"

"நான் யோசிச்சுத்தாம்மா வந்தேன். இந்த வருஷம் ஒரு கொறயும் இல்லாம எழுந்துட்டா, போன வருஷப் பேச்சு தானா மறஞ்சுபூடும். அப்புறம் நானே முதலாளி கிட்ட ஒன் விஷயத்த எடுக்கிறேன். ரெண்டாவது ஷிஃப்டுக்கு ஆபரேட்டர் வேணும்னு பேச்சு இருக்குது. ஊடும் உண்டு."

வீடு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் கை நின்றது. இந்த மனிதரை நம்பலாமா என்று யோசித்தாள். நம்பக் கூடாது என்றுதான் புத்தி சொன்னது. ஆனால் தண்ணீரில் போகிறவன் கையில் அகப்பட்டதைப் பிடிக்கத்தான் செய்வான், அது வைக்கோலாகவே இருந்தாலும். அவள் வழி சொன்னாள்.

கட்டு இரண்டாக இருக்க வேண்டும். ஒன்று மெஷினுக்கு, ஒன்று சாமிக்கு. சாமிக்கு வைப்பதைத் தானே துளைத்துத் தருவதாகச் சொன்னாள். என்ன துளைத்தால் என்ன, மெஷின் அதைப் படிக்கப் போவதில்லை. சரஸ்வதிக்கு அட்டை படிக்கத் தெரியும் என்று இதுவரை யாரும் சொன்னதும் இல்லை. விளக்குப் பலகை மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டிவிட வேண்டும். அம்மா ஆசைதீரப் பொட்டு வைக்கட்டும். விஜயதசமி அன்று அவர்கள் வருவதற்கு முன்னால் தாளை உரித்து எடுத்துவிட்டு, பலகையின் ஓரத்துச் சட்டத்தில் மட்டும் ராஜமாணிக்கமே இரண்டு பொட்டு வைத்துவிட வேண்டும்.

"இது எனக்குத் தோணலியே" என்றார் ராஜமாணிக்கம், நிஜமான சந்தோஷத்தோடு.

சாமிக் கட்டை அவள் அக்கறையோடுதான் துளைத்தாள். கோணல் மாணலாகத் துளைத்தால் யாராவது சந்தேகப்படலாம். நல்ல அட்டைகளாகப் பொறுக்கி, நிஜக் கட்டு எவ்வளவு கனமோ அவ்வளவு கனமாக அடுக்கி, ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தாள்.

பஞ்ச் ரூமுக்கும் கம்ப்யூட்டர் ரூமுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. போன வருஷத்திலிருந்து அதில் ஒரு திரை தொங்கியது. விஜயதசமி காலையில் குணசுந்தரி திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சடையப்பன் பட்டனை அழுத்துகிற ஓசை கேட்டது. அட்டைகள் சரசரவென்று ஓடின.  டைப்ரைட்டர் படபடவென்று தட்டியது. ஒரே தடவையில் எழுந்துவிட்டது. அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டபோது அவளுக்கும் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. சின்னப்பொண்ணுவின் துணிமணியை எந்தப் பெட்டியில் போட்டு எடுத்து வருவது என்றுகூட மனசு ஒரு நொடி ஓடிப்போய் வந்தது.

அப்போது கனகாம்பாளின் குரல் கேட்டது. போன வருஷத்தைப் போல மெல்லிய குரல் இல்லை. மனசு குளிர்ந்த குரல்.

"இப்பத் தெரிஞ்சுதா? அதே மெஷினு, அதே பொட்டு, அதே நாளு. போன வருஷம் ஏன் நின்னுதுன்னு இனிமே யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்ல."

"நான் அப்பவே சொன்னேனேம்மா" என்றான் சடையப்பன்.

"இன்னாய்யா ராஜமாணிக்கம்?" என்றார் ரங்கசாமி.

குணசுந்தரி காத்திருந்தாள்.  உரித்த பிளாஸ்டிக் தாள், பொட்டோடு, அந்த நேரத்தில் ராஜமாணிக்கத்தின் மேஜை இழுப்பறையில்தான் இருந்திருக்கும்.

"ஆமாம்மா" என்றார் ராஜமாணிக்கம். "நீங்க சொல்றது வாஸ்தவந்தான்."

பெரிய மெஷினுக்கு வேஷம் கட்ட ஒரு கட்டு அட்டை வேண்டியிருந்தது. இவருக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது ஷிஃப்டுக்கு வேறு ஆள் வந்தான். குணசுந்தரி பஞ்ச் ரூமில் இருந்தாள். சின்னப்பொண்ணு குப்பத்துப் பள்ளிக்கூடத்திலேயே அடுத்த வகுப்புக்குப் போனாள். சாமிக் கட்டை என்ன செய்தார்கள் என்று ஒருநாள் சடையப்பனைக் கேட்டபோது, அம்மா அதைத் தன் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னான். கனகாம்பாளின் பூஜை அறையில் பவானி அம்மன் படத்துக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு மணை போட்டிருக்கிறதாம். குணசுந்தரி கையால் துளைத்த அந்த அட்டைகளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் பழைய பொட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, புதுப் பொட்டு வைக்கிறார்களாம்.